கோடேறாத பெருமை

“எங்கள் பரம்பரையில் எவரும் கோடேறியதில்லை” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பெரியவர்கள் மட்டக்களப்பில் இன்றும் இருக்கிறார்கள். கோடு, கச்சேரி, பொலிஸ் என்னும் மூன்றின் வாசற்படியையும் மிதியாமல் வாழ்ந்து முடிப்பதே கண்ணியமான வாழ்வு என்று எமது தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். பிறர் சொத்துக்கு ஆசைப்படாதே, வீண்வம்புக்குப் போகாதே என்ற அளவில் இது நல்ல புத்திமதியே. ஆனால் செய்யாத குற்றத்தைச் செய்ததாக எழுதித் தந்தாலும் வாய் திறவாமல் பணத்தைக் கட்டிவிட்டு வா என்ற பொருளில் அது இன்று வழங்கி வருகிறது. இந்தப் பெருமையினால் ஆதாயம் அடைவோர் யார் என்று கேட்கவே இதனை எழுதுகிறோம்.

அமிர்தகழியை எடுத்துக்கொள்வோம். ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக் குளத்தில் நீராட மக்கள் வெள்ளம் திரண்டு வரும் ஊர் அது. திருவிழா கலைந்த மறுநாள் முதல், வாவியை நம்பியும் நகரத்துக் கூலியை நம்பியும் பிழைப்பவர்களின் ஊர். விடியுமுன் வலை இழுத்து, கிடைத்த மீனைப் பெட்டியிலே நிரப்பி, பழைய மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டித் தெருத்தெருவாகக் கூவி விற்கும் ஒரு தொழிலாளியை மனக்கண்ணில் நிறுத்துவோம். சந்தியிலே திரும்புகிறார். போக்குவரத்துப் பொலிஸார் மறிக்கின்றனர். “சிக்னல் போடாமல் திரும்பினாய்.” “போட்டனான் சேர்.” அவ்வளவில் விசாரணை முடிந்துவிடுகிறது. அனுமதிப்பத்திரம் அவருடைய கையை விட்டுப் போகிறது. தண்டப்பணத் துண்டு ஒன்று கைக்கு வருகிறது. பெட்டிக்குள் மீன் வெயிலில் காய்கிறது. வாதாட அவருக்கு நேரமுமில்லை. வாதாடலாம் என்ற நினைப்புமில்லை.

அவர் சிக்னல் போட்டாரா, இல்லையா? எமக்குத் தெரியாது, வாசகர்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை அறிந்துகொள்வதற்காகவே மனித சமுதாயம் நீதிமன்றம் என்ற ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறது. ஆனால் இந்த வழக்கு அந்த இடத்துக்குப் போகாமலே முடிந்துவிடும். தபாற்கந்தோரில் ஆயிரமோ ஈராயிரமோ கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டிப் பத்திரத்தை மீட்டுக்கொண்டு அவர் தம் வேலையைப் பார்ப்பார். ஏட்டிலே ஒரு குற்றம் பதிவாகும். அது நடந்ததா என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் பின்னாளில் புகுத்தப்பட்ட பிரிவின்படி, வீதியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரே தண்டத்தை எழுதித் தரலாம். 14 நாளுக்குள் கட்டினால் எழுதிய தொகை. அதனைத் தவறவிட்டால், அடுத்த 14 நாளுக்கு இரட்டிப்பு. 28 நாளும் கழிந்தால் நீதவான் நீதிமன்றம். 2018இல் தொகைகள் உயர்த்தப்பட்டபோது இந்தப் பட்டியலில் 33 குற்றங்கள் இருந்தன. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு இது மக்களின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடாகவே தோன்றும். சிறு குற்றத்துக்கெல்லாம் கோட்டுக்கு இழுத்தடிக்காமல் அங்கேயே தீர்த்துவிடுகிறார்கள் அல்லவா? குற்றம் செய்தவனுக்கு அது வசதிதான்; மறுப்பதற்கில்லை. செய்யாதவனுக்கு? அவனைப் பொறுத்தவரை நீதிமன்றம் என்பது பணம் கட்டத் தவறியவனை அனுப்பும் இடமாக, ஒரு தண்டனையாகவே, இந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் ஒரு மடங்கு, பிறகு இரு மடங்கு, அதற்கும் மசியாவிட்டால் கோடு! உரிமையாக இருக்கவேண்டியது மிரட்டலாக மாறி நிற்கும் விந்தையை இங்கே காண்கிறோம்.

2025இல் அரசாங்கம் ‘கவ்பே’ என்னும் இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கி, தண்டப்பணத்தைக் கைத்தொலைபேசியிலேயே கட்டுவதற்கும் படிப்படியாக வழி செய்யத் தொடங்கிற்று. நல்லது. தபாற்கந்தோர் வரிசை குறையும். ஆனால் பணத்தைக் கட்டும் வழி ஒரு நிமிடமாகச் சுருங்கும்போது, “நான் கட்டமாட்டேன், என்னை விசாரியுங்கள்” என்று சொல்லும் வழி அணுவளவாவது சுருங்கியதா? ஒரு பக்கத்துக் கதவுக்கு எண்ணெய் போடுகிறார்கள். மறுபக்கத்துக் கதவு துருவேறிக் கிடக்கிறது.

இனி, எம் தொழிலாளி பிடிவாதக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டவில்லை. அமிர்தகழியிலிருந்து மட்டக்களப்பு நகரத்து நீதிமன்றத்துக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். ஆகையால் தூரத்தை மைல்களில் அளக்கவேண்டாம்; கூலியில் அளப்போம். அழைப்பு நாளன்று ஒரு நாட் பிழைப்பு போயிற்று. “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்பார்கள். சுற்றவாளி என்றால் விசாரணைக்கு வேறொரு தேதி. அந்தத் தேதியில் சாட்சியான பொலிஸ் உத்தியோகத்தர் வேறு கடமையில் இருப்பார், இன்னொரு தேதி. அதற்குள் அவர் இடமாற்றம் பெற்றிருப்பார், மற்றுமொரு தேதி. வீதியில் கொடுக்கப்பட்ட தற்காலிக அனுமதியின் ஆயுள் 14 நாள். வழக்கின் ஆயுளோ மாதக்கணக்கு. இடைப்பட்ட காலத்தில் அவர் எதைக் காட்டி வண்டி ஓட்டுவார்? சட்டத்தரணியை அமர்த்தினால் அவருடைய கட்டணம் தண்டத்தைப் போலப் பல மடங்காகும். ஆக, தாம் நிரபராதி என்று சொல்வதற்கு அவர் செலுத்தும் விலை, குற்றவாளி என்று ஒப்புவதன் விலையைவிட அதிகம். கணக்குத் தெரிந்த எந்த ஏழையும் ஒப்புக்கொள்வான். இதனை அவனுடைய கோழைத்தனம் என்பவர்கள் அவனுடைய அடுப்பங்கரையைப் பார்த்தவர்களல்லர்.

மால்கம் ஃபீலி என்னும் அமெரிக்க அறிஞர், நியூ ஹேவன் நகரத்துக் கீழ் நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட வழக்குகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் ஒன்றுகூட முழு விசாரணை வரை செல்லவில்லை. அலைச்சல், காத்திருப்பு, இழந்த கூலி ஆகியவையே மெய்யான தண்டனை என்றும், தீர்ப்பில் வரும் தண்டனை அதற்கு அடுத்ததே என்றும் அவர் கண்டார். நடைமுறையே தண்டனை என்னும் பொருள்படவே அந்நூலுக்குப் பெயருமிட்டார். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் நிலை அது. வாவிக்கரையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டப் புத்தகம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தில், நியாயமான விசாரணையில், நேரிலோ சட்டத்தரணி மூலமோ தம் கட்சியை எடுத்துரைக்க உரித்துடையவர் என்கிறது. ‘நேரிலோ’ என்ற அந்தச் சொல்லைப் படித்தவர்கள்கூடக் கண்ணுற்றதாகத் தெரியவில்லை. அது சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவன்மேல் இரங்கிப் போட்ட பிச்சையன்று; சட்டத்தரணியைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னே நிற்கும் சொல். அதே உறுப்புரையின் ஐந்தாம் பிரிவு, குற்றம் எண்பிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியே என்கிறது. இவை கொலை வழக்குக்கு ஒரு விதமாகவும் சிக்னல் வழக்குக்கு வேறு விதமாகவும் எழுதப்படவில்லை.

நீதிமன்றத்தின் மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961 சனவரியில் நீதிமன்றங்களையும் சிங்களத்துக்கு மாற்றுவதற்கான சட்டம் வந்தது. அடுத்த மாதமே வடக்கில் தொடங்கிய சத்தியாக்கிரகம் கிழக்கிலும் பரவி, மட்டக்களப்புக் கச்சேரி வாசலிலும் மக்கள் அமர்ந்தார்கள். அவர்களுடைய அரசியலோடு எமக்குப் பல பேதங்கள் உண்டு. எனினும், தன் வழக்கைத் தன் மொழியிற் சொல்லும் உரிமைக்காக வெயிலிற் கிடந்தவர்கள் எம் ஊரவர்கள். இன்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். அந்த மொழி தெரியாதவருக்கு அரசே உரைபெயர்ப்பாளரைத் தரவேண்டும். இவ்வளவு பெரிய விலை கொடுத்துப் பெற்ற தமிழ் நீதிமன்றத்தில் எம்மவர் உச்சரிக்கும் ஒரே தமிழ்ச் சொல் “குற்றவாளி” என்பதாக இருந்தால், அதைவிட வெட்கம் வேறென்ன?

நீதிமன்றம் தமிழாயினும் வீதி தமிழாகவில்லை. கற்றறிந்த பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011 அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழி தெரிந்தவர் இருக்கவேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்படவேண்டும் என்றும் பரிந்துரை செய்தது. போர் முடிந்து ஈராண்டு கழிந்த பின்னரும் ஓர் அரச ஆணைக்குழு இதனை எழுத நேர்ந்தது என்பதிலிருந்தே நிலைமையை விளங்கிக்கொள்ளலாம். தன்னால் வாசிக்க முடியாத தாளைக் கைநீட்டி வாங்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எம் மண்ணிலேயே ஒரு கொடிய உதாரணம் உண்டு. சிங்கராசா வழக்கு என்று சட்டம் பயில்வோர் அதனை அறிவர். 1993இல் மட்டக்களப்புப் பகுதியில் கைதான ஓர் இளைஞர், தமக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஐம்பது ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதென்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு முடிவு சொல்லியும், 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

ஆயிரம் ரூபாத் தண்டத்தையும் அந்த முப்பத்தைந்து ஆண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் துணியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சோதனைச் சாவடிகளின் காலத்தில் வாய்மூடி நிற்பது உயிர் காக்கும் வித்தையாக இருந்தது. “ஓம் சேர்” என்ற இரண்டு சொற்களோடு எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. சாவடிகள் போன பிறகும் அந்த “ஓம் சேர்” மட்டும் எம் நாவிலே குடியிருக்கிறது. சீருடையைக் கண்டவுடன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. இவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே வளரவேண்டுமா என்பதே கேள்வி. சிக்னல் விளக்கு ஒரு சாட்டு.

எம்மை மறிக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. முதலாமவர் எமது அணியைச் சேர்ந்தவரே. “வேலையில்லாத் திண்டாட்டம் எங்கே, நிலப் பிரச்சினை எங்கே, நீங்கள் தலைக்கவசத்தையும் சிக்னலையும் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே! இதுவா வர்க்கப் போராட்டம்?” என்று நகைக்கிறார். தோழரே, அரசு இயந்திரம் என்று நீங்கள் மேடையில் முழங்கும் பொருளை அமிர்தகழித் தொழிலாளி நேருக்கு நேர் சந்திக்கும் இடம் எது? பாராளுமன்றத்தை அவர் கண்டதில்லை. திறைசேரி எங்கிருக்கிறதென்று அறியார். சந்தியில் நிற்கும் கொன்ஸ்டபிளிடமே அவர் அரசைக் காண்கிறார். அங்கே குனிந்த தலை உங்கள் மேடைக்கு முன் வந்து எப்படி நிமிரும்? 1933இல் ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்ததாக நாஜிகள் தொடுத்த பொய் வழக்கில், தாம் கேட்ட சட்டத்தரணிகள் மறுக்கப்பட்டதும் ஜோர்ஜி டிமித்ரோவ் தாமே எழுந்து வாதாடினார். சாட்சியாக வந்த கோரிங்கையே கேள்வி கேட்டுத் திணறடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் சுற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். இந்தக் கதையை உணர்ச்சி ததும்பச் சொல்லும் நாமே, பக்கத்து வீட்டு மீன்காரரிடம் “கட்டிவிட்டு வா அண்ணே, என்னத்துக்கு வீண் அலைச்சல்” என்று சொல்லி அனுப்புகிறோம்.

இரண்டாமவர் ஒழுங்கின் காவலர். “வீதியிலே ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் சாகிறார்கள். நீங்களோ பொலிஸாரை எதிர்க்கச் சொல்லுகிறீர்கள்” என்பார். அவர் சொல்லும் சாவு மெய். குடித்துவிட்டு ஓட்டுபவனுக்காகவும், பிள்ளையைத் தலைக்கவசமின்றி முன்னே இருத்திப் பறப்பவனுக்காகவும் ஒரு வரிகூட நாம் எழுதமாட்டோம். குற்றம் செய்தவன் கட்டட்டும், பேசாமல் கட்டட்டும். ஆனால் செய்தவனும் செய்யாதவனும் ஒரே வரிசையில் நின்று ஒரே தொகையைக் கட்டும்போது, தண்டத்துக்கும் நடத்தைக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. சரியாக ஓட்டினாலும் கட்டவேண்டும் என்றால் சரியாக ஓட்டுவானேன்? அது தண்டமல்ல, வீதிவரி என்ற எண்ணம் சாரதிகளிடையே வேரூன்றுகிறது. வரி என்று ஆனபின், துண்டு எழுதாமல் குறைந்த தொகையில் கையோடு முடித்துக்கொள்ளும் பேரம் எங்கிருந்து வருகிறது என்று வியப்பதில் பயனில்லை.

மூன்றாமவர் கறுப்பு அங்கி அணிந்தவர். பாமரன் தானே பேச வந்தால் வேண்டாததைச் சொல்லித் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்வான் என்பது அவர் கட்சி. இதில் உண்மை இல்லாமலில்லை. நல்ல சட்டத்தரணி பெருந்துணை. அத்தகையோர் பலர் எம் மக்களுக்காகப் பணம் பெறாமல் வாதாடியிருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவும் உண்டு; வறியவர்கள் அதன் கதவைத் தட்டவேண்டும். பிரித்தானியாவில் மக்டொனால்ட்ஸ் கம்பனி தொடுத்த அவதூறு வழக்கில் ஹெலன் ஸ்டீல், டேவிட் மொரிஸ் என்னும் எளிய செயற்பாட்டாளர் இருவர் 1994 முதல் நீதிமன்றத்தில் 313 நாள் தாமே வாதாடினார்கள். உலகம் அவர்களை மெச்சியது. ஆனால் 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களுக்குச் சட்ட உதவி மறுத்தமையே நியாய விசாரணைக்கு இழைத்த தீங்கு எனத் தீர்த்தது. தனித்து நின்றவரின் துணிவைப் புகழ்ந்துவிட்டு, அவரைத் தனித்து நிற்கவைத்த அரசை மறந்துவிடக் கூடாது. இதனை நாம் ஒப்புகிறோம். ஆனால் சிக்னல் வழக்குக்குச் சட்டத்தரணி கிடைக்கும்வரை வாய் திறக்காதே என்பது, ஏழையைப் பொறுத்தவரை, வாயே திறக்காதே என்பதுதான்.

மேலும், தன் வழக்கைத் தானே உரைப்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உயிர்பெற்ற கிராம நியாயசபைகளில் புறக்டர்மாருக்கு இடமிருக்கவில்லை. கமக்காரனும் மீனவனும் தாமே பேசினார்கள். 1958இல் வந்த இணக்க சபைகளிலும் சட்டத்தரணிகள் தோன்ற முடியாதிருந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இன்று இயங்கும் மத்தியஸ்த சபைகளிலும் அவ்வாறே. காணி எல்லையையும் கடன் கணக்கையும் தன் வாயால் எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு, தான் சிக்னல் போட்ட கதையைச் சொல்லத் தெரியாதென்று எவ்வாறு முடிவு கட்டினீர்கள்? சென்னையிலே ‘டிராபிக்’ ராமசாமி என்று ஊரார் பெயரிட்டழைத்த முதியவர், 2021இல் மறையும்வரை, சட்டத்தரணிப் பட்டமின்றியே உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகளைத் தாமே நடத்தினார். அவருடைய வழக்குகள் எல்லாவற்றிலும் எமக்கு உடன்பாடில்லை. சிறு வியாபாரிகளை நடைபாதையிலிருந்து விரட்டும் எந்த முயற்சியையும் நாம் ஏற்கமாட்டோம். ஆனால் அவர் பேசினார், நீதிபதிகள் கேட்டார்கள்.

இதற்கெல்லாம் சென்னைக்கும் இலண்டனுக்கும் போவானேன்? வைகாசி மாதத்தில் மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது படிக்கப்படும் நூலின் பெயர் என்ன? கண்ணகி வழக்குரை! வழக்கு உரைத்தவளைத் தெய்வமாக்கிக் கும்பிடும் நாடு இது. அவள் பாண்டியன் சபைக்கு எவரையும் அமர்த்திக்கொண்டு போகவில்லை. கையிலே சான்றுப்பொருளோடு போனாள், உடைத்துக் காட்டினாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. பாண்டியன் செய்த பிழைதான் யாது? ஒரே ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, எதிரியை ஒரு கேள்விகூடக் கேளாமல் தண்டம் விதித்தான். பக்திப் பரவசத்தில் இதனை ஆண்டுதோறும் கேட்டுத் தலையசைக்கும் ஊர், மறுநாள் காலை தபாற்கந்தோரில் வரிசையாக நிற்கிறது.

பொற்கொல்லனின் நினைவு வந்ததால் சாட்சியத்தைப் பற்றிக் கூறுகிறோம். எமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் இயற்றப்பட்டது. ஒரு விடயத்தை எண்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்று அதன் 134ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே ஒரே ஒரு கொன்ஸ்டபிளின் சொல்லை நம்பி நீதவான் தண்டிக்கலாம், சட்டம் இடங்கொடுக்கிறது. இதனை மறைத்து, துணிந்து போனால் வெற்றி நிச்சயம் என்று ஆசை காட்டுவது துரோகம். தோற்றால் நீதிமன்றம் விதிக்கும் தண்டம் துண்டில் எழுதியதைவிட அதிகமாகவும் அமையலாம். ஆனால் அந்த ஒற்றைச் சாட்சியை உரைத்துப் பார்க்கும் உரைகல்லையும் அதே சட்டம் எதிரியின் கையில் தந்திருக்கிறது. அதுவே குறுக்கு விசாரணை. நீங்கள் எவ்விடத்தில் நின்றீர்கள்? அங்கிருந்து என் வண்டியின் எந்தப் பக்கம் தெரியும்? இடையிலே பஸ் நின்றதா? அன்று காலை அந்தச் சந்தியில் எத்தனை துண்டு எழுதினீர்கள்? இவற்றைக் கேட்க இலத்தீன் தெரியவேண்டியதில்லை. சாட்சி தம் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டால், அந்தக் குறிப்பைத் தாமும் பார்த்து அதன்மேல் கேள்வி கேட்க எதிரிக்கு 161ஆம் பிரிவு உரிமை தருகிறது. எதிர்த்து வாதாடக் கூடாது, கேட்கவேண்டும். இது பாமரனுக்கு வராது என்பவர்கள் சந்தையில் அவன் மீன் விலை பேசுவதைக் கேட்டதில்லைப் போலும்.

அதற்கும் முன்னே ஒரு கட்டம் உண்டு. அங்கேயே பெரும்பாலோர் வீழ்ந்துவிடுகிறார்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் எதிரி கூறுவது நிபந்தனையற்ற ஒப்புதலாக இருந்தால் மாத்திரமே, அதனை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே பதிந்து அவரைக் குற்றவாளியாகத் தீர்க்கலாம். “ஓம் ஐயா, திரும்பினேன், ஆனால் சிக்னல் போட்டுத்தான் திரும்பினேன்” என்பது ஒப்புதலே அன்று. ஆனால் அவசரம் மிகுந்த காலைப் பொழுதில், நீண்ட பட்டியல் காத்திருக்க, அந்த வசனத்தின் முதற் சொல் மட்டும் காதில் விழுந்துவிடும் அபாயம் உண்டு. ஆகையால் “நான் சுற்றவாளி, விசாரணை வேண்டும்” என்பதை முதலிலே சொல்லப் பழகவேண்டும். ஆனால், போன்றவை பிறகு வரட்டும்.

ஆசிரியத் தோழர்களே, இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. குடியியற் கல்வி வகுப்பில் அடிப்படை உரிமைகளை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கச் செய்கிறீர்கள். ஒப்புவிக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர் நீதிமன்றத்தின் உள்ளே கால் வைத்திருக்கிறார்கள்? நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெறவேண்டும், எவரும் தாராளமாக வந்து பார்க்கலாம் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்லுகிறது. உயர்தர வகுப்பு மாணவர்களை ஒரு காலை நேரம் நீதவான் நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருத்துங்கள். போக்குவரத்து வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை நிமிடத்தில் முடிகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். கேள்வி கேட்டவர் எத்தனை பேர், தலைகுனிந்து போனவர் எத்தனை பேர் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஓராண்டுப் பாடம் ஒரு காலையில் விளங்கும். பின்வரிசையில் நாற்பது மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மன்றத்தில், எதிரிக்கூண்டில் நிற்பவரின் முதுகும் சற்று நிமிரக்கூடும்.

இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டு மக்கென்சி வழக்குத் தீர்ப்பின் பின்னர், சட்டத்தரணியில்லாத வழக்காளிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் அமர்ந்து குறிப்பெடுக்கவும் காதோடு யோசனை சொல்லவும் இடமுண்டு. மன்றை நோக்கி அவர் பேசுவதில்லை. பக்கத்தில் இருப்பார், அவ்வளவே. எமது நீதவான் நீதிமன்றங்களிலும் இத்தகைய துணையை உரிமையாக அறிவிக்கும்படி ஆசிரியர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் குரல் எழுப்பவேண்டும். போக்குவரத்து வழக்குக்குக் குறித்த தேதியில் சாட்சி வராவிட்டால், எதிரியின் கூலி அல்லவா மீண்டும் பறிபோகிறது? ஒத்திவைப்புக்கு ஓர் எல்லை விதிக்கக் கோரவேண்டும். விசாரணை கேட்டவனுக்கு அது முடியும்வரை தற்காலிக அனுமதியும் செல்லுபடியாக வேண்டும். தண்டப்பணத் துண்டிலே, பணம் கட்டும் விபரம் எந்த அளவு எழுத்தில் அச்சாகிறதோ அதே அளவு எழுத்தில், விசாரணை கோரும் உரிமையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகவேண்டும். இதற்குப் புரட்சி தேவையில்லை; சிறிது அச்சு மை போதும்.

அதுவரை, வாசிகசாலையிலும் சங்கக் கட்டடத்திலும் ஓய்வு நாள் மாலையில் ஒரு மேசை போடலாம். துண்டோடு வருபவரிடம் முதலிலே கேட்கவேண்டியது, “உண்மையில் செய்தீரா?” என்பதே. ஓம் என்றால், இரட்டிப்பதற்கு முன்னே கட்டும்படி அனுப்புங்கள். இல்லை என்றால், இடத்தின் படத்தை அன்றே வரையச் செய்யுங்கள். நேரத்தையும், பக்கத்தில் நின்றவரின் பெயரையும், உத்தியோகத்தரின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். அழைப்புத் தேதியைத் தவறவிட்டால் பிடியாணை பிறக்கக்கூடும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒருவர் நீதவானாகவும் ஒருவர் பொலிஸ் சாட்சியாகவும் அமர, அவரைக் கேள்வி கேட்டுப் பழகச் செய்யுங்கள். கூத்து ஆடத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வித்தையல்ல. தீர்ப்பு எதிராக வந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள் உண்டு. துண்டுக்குப் பணம் கட்டக் கொடுத்த அதே 14 நாள்.